பழைய ஸ்போர்ட்ஸ் கார்களோடு மதுரையில் ஒரு வருடம்: புதிதாகச் சேர்பவர்களுக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவிட்டீர்கள். அல்லது தாத்தாவின் வண்டியைத் தகரக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து, எப்படியோ உயிர் கொடுத்துவிட்டீர்கள். இனி அதை எங்கே ஓட்டுவது, யாரோடு ஓட்டுவது என்பதுதான் கேள்வி. பத்துப் பதினொரு வண்டிக்காரர்கள் சேர்ந்து மதுரையில் சில வருடங்களாகக் கூடிக்கொண்டிருக்கிறோம். அதில் கற்றதை இங்கே எழுதுகிறேன். நீங்கள் தனியாக ஒரு குழு தொடங்கினாலும் இது பயன்படும்.

முதல் வருடம் நாங்கள் செய்த தப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மே மாதம் கொடைக்கானல் என்று முடிவு செய்தோம். கீழே வெயில், மேலே குளிர், யோசனை நல்லதுதானே என்று எல்லாருக்கும் தோன்றியது. குளிருக்குப் போகிற பாதை முழுக்க வெயிலில்தான் கிடக்கிறது என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒன்பது வண்டிகள் கிளம்பின. வாடிப்பட்டி தாண்டியதும் ஒன்று கொதித்தது. வத்தலக்குண்டில் இன்னும் இரண்டு. என் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தவை மூன்று. மற்றவர்கள் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்பினோம்.

அன்றைக்கு வண்டிகள் மேல் தப்பில்லை. தேதிதான் தப்பு. பழைய கார் குழு நடத்துவது என்றால் பாதி வேலை காலண்டரோடுதான்.

யாரைச் சேர்ப்பது

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு இருக்கை, திறக்கிற கூரை, அவ்வளவுதான் என்று கறாராக இருந்தால் மதுரையில் உங்கள் கூட்டம் ஒரு டீக்கடை பெஞ்சில் அடங்கிவிடும். கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும், 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே குடும்பம். ஹெரால்டின் சட்டகத்தைக் குட்டையாக்கி, அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. முன் சஸ்பென்ஷனில் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். சென்னைக்குப் பக்கத்தில் நடந்த சோழவரம் கார் பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. அதனால் ஹெரால்டு வைத்திருப்பவரைக் ‘குடும்பக் கார்தானே’ என்று ஒதுக்காதீர்கள். முழு பானட்டும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கிறபோது பாருங்கள், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

அம்பாசிடர், பத்மினிக்காரர்களையும் விருந்தாளிகளாகக் கூப்பிடுங்கள். பழைய வேலை தெரிந்த மெக்கானிக், ரேடியேட்டருக்கு ஈயம் வைப்பவர், டைனமோ சுற்றித் தருபவர் எல்லாம் அவர்கள் வழியாகத்தான் கிடைப்பார்கள். ஐந்து வண்டி இருந்தால் தொடங்கிவிடலாம். பதினைந்துக்கு மேல் போனால் எந்த டீக்கடை வாசலிலும் நிறுத்த இடம் இருக்காது.

காகிதம்

முதல் சந்திப்பை ஓட்டமாக வைக்காதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் கூடி, எல்லாருடைய ஆர்சி புத்தகத்தையும் பாருங்கள். சங்கடமாக இருந்தாலும் பாருங்கள். தனியார் கார் 15 வருடம் தாண்டிவிட்டால் 5 வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே இருக்கிற வண்டிகள் பல உண்டு. பெயர் மாற்றாமல் ஓட்டி, வழியில் ஒன்று ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியென்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி விண்டேஜ் வாகனம் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், நம்பர் பலகையில் ‘விஏ’ எழுத்துகள் வரும். கேட்கக் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கடைத்தெருவுக்கு எடுத்துப் போக முடியாது. என் கருத்தைக் கேட்டால், வண்டி வாரம் ஒருமுறையாவது ஓடினால்தான் நல்லது; ஓடாத வண்டிதான் முதலில் கெடும். அதனால் சாதாரணப் பதிவிலேயே வைத்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து காலை டிபனுக்குப் போவது வேறு. பேனர் கட்டி, கொடியசைத்து ‘ராலி’ என்று போவது வேறு. இரண்டாவதென்றால் காவல்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாநகர எல்லைக்குள் கமிஷனர் அலுவலகம், வெளியே எஸ்.பி. அலுவலகம். வழி இரண்டு எல்லையையும் தொட்டால் இரண்டு கடிதம். கோவில் வாசலிலோ கல்லூரி மைதானத்திலோ நிறுத்துவதாக இருந்தால் அந்த நிர்வாகத்தையும் கேட்டுவிடுங்கள்.

தேதி குறிப்பது

‘மாதாமாதம் இரண்டாவது ஞாயிறு’ என்று வைத்துப் பார்த்தோம். சரிவரவில்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். அன்று நல்ல முகூர்த்தமாம்.

அதிலிருந்து தினசரிக் காலண்டரை வைத்துக்கொண்டுதான் வருடத்தைத் திட்டமிடுகிறோம். முகூர்த்த ஞாயிறுகளை முதலில் அடித்துவிடுவோம். அப்போது ஒன்று தெரியவந்தது: ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றிலும் கல்யாணம் இல்லை, கூட்டம் தானாகச் சேரும். பெரிய சந்திப்புகளை அங்கே வையுங்கள். புரட்டாசியில் கறிதோசைத் திட்டம் மட்டும் வேண்டாம். பாதிப் பேர் தொடமாட்டார்கள், மீதிப் பேர் அவர்கள் முன்னால் சாப்பிடக் கூச்சப்படுவார்கள்.

அடுத்ததாகத் திருவிழாக்களைப் பாருங்கள். ஜல்லிக்கட்டு பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர். இந்த மூன்று நாளும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவே கூடாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் கிளம்பி ஆற்றில் இறங்கித் திரும்பி மலைக்குப் போகும்வரை அழகர்கோவில் சாலை அவருடையது. ஆடிப் பௌர்ணமி தேரோட்டத்துக்கும் அங்கே அதே கூட்டம். பாண்டி கோவில் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கெடாவெட்டுக்கு வரும் வேன்கள் நிற்கும். ரிங் ரோட்டில் போவதாக இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவையும் கழித்தால் வருடத்துக்கு ஏழு, எட்டு நல்ல ஞாயிறுகள் மிஞ்சும். அது போதும். பன்னிரண்டு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் எப்படி நடக்கவேண்டும்

நாள் முழுக்கப் போகிற நீண்ட ஓட்டங்களைத் தவிர, காலை 5.45-க்குக் கூடி, 6 மணிக்குக் கிளம்பி, 8 மணிக்கு இலை முன்னால் உட்கார்ந்து, 10 மணிக்குள் அவரவர் வீட்டு நிழலில் வண்டியை விட்டுவிட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஒரு மணி நேரம் நீட்டிக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் நீட்டவே கூடாது.

இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் ஏர் லாக். வெயிலேறியதும் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகும். பம்பு அந்த ஆவியைத்தான் இழுக்கும். வண்டி இருமி நிற்கும். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயரில் பம்பு எஞ்சினோடு ஒட்டி, அதன் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. எம்ஜி-பி என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரில் பம்பு மின்சாரத்தில் ஓடுவது, பின்பக்கம் இருக்கிறது. அதற்கு இந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலும் ஓடுகிறபோது நிற்காது, டீ குடித்துவிட்டு வந்து ஸ்டார்ட் செய்யும்போதுதான் மக்கர் பண்ணும். நின்ற எஞ்சினில் காற்றோட்டம் இல்லாமல் சூடு மேலே ஏறுவதே காரணம். அதனால் நிறுத்தியதும் பானட்டைத் திறந்துவையுங்கள்.

மீறியும் நின்றுவிட்டால் ஈரத்துணி வைத்தியம்தான். ஒருமுறை மேலூர் தாண்டி ஒரு ஸ்பிட்ஃபயர் இப்படி நின்றது. சாலையோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, கேட்காமலேயே தன் தலைத்துண்டைக் குடத்து நீரில் முக்கிக் கொண்டுவந்தார். “எங்க வீட்டுக்காரரும் டிரைவர்தான் தம்பி, நல்லாப் பிழிஞ்சு போடுங்க” என்றார். அந்தப் ‘பிழிஞ்சு’தான் விஷயம். சொட்டச் சொட்டப் போட்டால் தண்ணீர் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போய், இருக்கிற சீக்கோடு இன்னொன்றும் சேரும். பம்பின் மேல் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு இளநீர் குடித்தோம். துண்டுக்குக் காசு கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. இளநீருக்கு மட்டும் சரியாக வாங்கிக்கொண்டார்.

இப்போது விற்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரத்தையும் அது அரிக்கும், ஊதவைக்கும். சேருகிற முதல் மாதமே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்குகிற வகையாக மாற்றிவிடுங்கள். செலவு அதிகமில்லை. சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தீயணைப்பான் கட்டாயம், அதுவும் டிக்கிக்குள் இல்லாமல் சீட்டுக்குக் கீழே.

வரிசையில் போகும்போது மெதுவான வண்டிதான் முன்னால் போக வேண்டும். வேகமான வண்டியை முன்னால் விட்டால் பின்னால் வருபவர் எஞ்சினைப் பிழிந்துகொண்டே வருவார். கடைசியில் கருவிப்பெட்டியும் இழுவைக் கயிறும் உள்ள வண்டி. நடுவில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிய வேண்டும். திருப்பம் வந்தால், பின்னவர் உங்களைப் பார்த்த பிறகே திரும்புங்கள். இதைச் செய்தாலே செல்போன் தேவைப்படாது. வேகம் 50, 60 போதும்.

நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 7.3 கிலோமீட்டர், விடியற்காலையில் திறந்த காரில் போக அருமையாக இருக்கும். ஆனால் அதன் மேல் வண்டி நின்றுவிட்டால் ஒதுங்க இடமும் இல்லை, நிழலும் இல்லை. நன்றாகச் சூடேறி ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த வண்டியை மட்டும் மேலே ஏற்றுங்கள். சந்தேகம் இருந்தால் கீழ்ச் சாலையிலேயே போங்கள், டீக்கடைகளும் அங்கேதான் இருக்கின்றன.

பொதுப் பெட்டி

குழுவுக்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறோம். பாயின்ட் செட், கண்டன்சர், பிளக் நான்கு, டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ரோட்டார், ஃபேன் பெல்ட் இரண்டு அளவில், ரேடியேட்டர் ஹோஸ், கிளிப்புகள், ஒரு முழ வயர், ஃப்யூஸ், இன்சுலேஷன் டேப், ஐந்து லிட்டர் தண்ணீர். எடுத்தவர் அடுத்த சந்திப்புக்குள் புதிதாக வாங்கி வைக்க வேண்டும். அபூர்வமான பாகத்துக்குச் சென்னை புதுப்பேட்டை வரை ஒரு நடை போக வேண்டியிருக்கும், அல்லது இங்கிலாந்திலிருந்து தருவிக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தருவித்தால் தபால் செலவு குறையும்.

ஜம்பர் கேபிளில் கவனம். 1967 வரை வந்த எம்ஜி-பி, அதே காலம் வரையிலான ஸ்பிட்ஃபயர் ஆகியவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் நெகட்டிவ். நடுவில் யாராவது மாற்றியும் வைத்திருக்கலாம். பார்க்காமல் பக்கத்துப் புதுக் காரிலிருந்து கேபிள் போட்டால் தீப்பொறிதான். எங்கள் வண்டிகளில் எது எந்த வகை என்று பேட்டரி மூடியிலேயே பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

மாதங்கள்

மார்கழியில் தொடங்குங்கள். கூரையைத் திறந்துவைத்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பனியில் கீழக்குயில்குடிக்குப் போவதுதான் எங்கள் வருடத்தின் முதல் ஓட்டம். ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சமணர் மலை அடிவாரத்தில் ஆலமரங்களும் தாமரைக்குளமும் இருக்கின்றன. வண்டிகளை மரத்தடியில் வரிசையாக விட்டுவிட்டு மேலே ஏறி, 9, 10-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்த்து இறங்கலாம். புதியவர்களுக்கு இதைவிட நல்ல முதல் ஓட்டம் கிடையாது. வழியில் நின்றாலும் வீட்டுக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

தை, மாசிதான் நீண்ட தூரத்துக்கு. காரைக்குடி வழியாகக் கானாடுகாத்தான் போய், செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து, ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்து, மதியம் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பலாம். இரண்டு நாள் கிடைத்தால் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல். கூரை திறந்த காருக்கென்றே போட்ட மாதிரி இருக்கும். ஆனால் உப்பு பொல்லாதது. ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் அடியில் தனிச் சட்டகம், அதுதான் முதலில் துருப்பிடிக்கும். அன்று ராத்திரியே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டவர் ஒருவர் அடுத்த வருடம் வெல்டிங் பட்டறையில் நின்றார்.

மலை ஏற ஆசை இருந்தால் சிறுமலை. திண்டுக்கல் பக்கமிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானலைவிடச் சின்னது, பழைய வண்டிக்கு ஏற்றது. ஏறும்போது சூட்டு முள்ளைப் பாருங்கள். இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. டிரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதியில் பிடிப்பு விட்டுப்போகும். இரண்டாவது கியரில் விட்டு எஞ்சினாலேயே தடுத்து இறங்குங்கள். ஹெரால்டு, பழைய ஸ்பிட்ஃபயர்காரர்களுக்கு இன்னொன்று. பின் ஆக்சில் ஊஞ்சல் மாதிரி ஆடும் அமைப்பு. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்துபோய்ச் சட்டென்று காலை எடுத்தால், பின் சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலப் பார்க்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே லேசாக மிதித்தபடியே போங்கள். திரும்பும்போது மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்க மறக்காதீர்கள். கொடைக்கானல்தான் வேண்டும் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் தேவை, முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரை, வைகாசி: ஓட்டம் கிடையாது. கொட்டகைக் கூட்டம் மட்டும். ஒருவர் வீட்டில் மாலை ஐந்து மணிக்குக் கூடி ஒரே ஒரு வேலை செய்வோம். ஒரு வருடம் எல்லார் பிரேக் ஆயிலையும் மாற்றினோம், இன்னொரு வருடம் ரேடியேட்டர்கள். எங்கள் வீட்டுக் கூட்டத்தில் பருத்திப்பால் உண்டு. இந்த மூன்று மாதக் கூட்டங்களுக்கு வராதவர்தான் மற்ற ஒன்பது மாதமும் வழியில் நிற்கிறார் என்பது எங்கள் அனுபவம்.

ஆனி, ஆடியில் காற்று. தேனி பக்கம் புழுதி கண்ணாடியில் அடிக்கும். அரிட்டாபட்டி மாதிரிப் பக்கத்து ஊர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. ஹாரனும் பாட்டும் வேண்டாம். ஆவணியில் சும்மா ஒரு டிபன் ஓட்டம் வைத்துக்கொள்ளலாம், சொல்ல ஒன்றும் இல்லை.

ஆயுத பூஜைதான் எங்களுக்குப் பெரிய நாள். முந்தைய ஞாயிறே எல்லா வண்டியையும் ஓரிடத்தில் சேர்த்துக் கழுவுவோம். ஒரே குழாய், ஒரே வாளி வரிசை, பிள்ளைகள் பாதி நனைந்திருப்பார்கள். பிறகு சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். பூசணிக்காய் உடைத்தால் துண்டுகளை உடனே சாலையிலிருந்து அள்ளிவிடுங்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வருவார்கள். போன தடவை ஒரு பெரியவர் ஹெரால்டின் கதவை மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். “எங்க ஊரு டாக்டர் வண்டி. இந்தச் சத்தம் கேட்டாத்தான் ஊசி போட வந்துட்டாருன்னு ஓடி ஒளிவோம்” என்றார்.

ஐப்பசி, கார்த்திகை மழை. கீழடி அருங்காட்சியகம் பக்கத்தில்தான் இருக்கிறது, உள்ளே நனையாமல் பார்க்கலாம். பழைய வைப்பரை நம்பி அதற்கு மேல் போக வேண்டாம்.

பணம், குடும்பம்

சந்தா வசூலிக்காதீர்கள். சந்தா வந்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் பொருளாளர், அப்புறம் தேர்தல். ஒவ்வொரு ஓட்டத்தின் செலவையும் அன்றே தலைக்கு வகுத்துக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுப் பெண்கள் ஒருமுறை வந்து மறுமுறை வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் கழிப்பறைதான். நிற்கும் இடத்தை முந்தின வாரமே நேரில் போய்ப் பார்த்து, சுத்தமாக இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டுத் திட்டத்தை அனுப்புங்கள். வயதானவர்களுக்கு இரண்டு மடக்கு நாற்காலி. இந்த இரண்டையும் செய்த பிறகுதான் எங்கள் கூட்டத்தில் தலை எண்ணிக்கை வண்டி எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கானது.

கார்த்திகைக் கடைசியில், அடுத்த வருடத் தினசரிக் காலண்டர் கடைக்கு வந்ததும், ஒருவர் ஒன்று வாங்கி வருவார். சிவப்புப் பேனாவால் முகூர்த்த ஞாயிறுகளை அடித்துவிட்டு, மிச்சத்தில் எட்டைக் குறித்து அன்றிரவே எல்லாருக்கும் அனுப்பிவிடுவோம்.